உறுதி, பெர்மிட், தொடர்மாடி: மூன்று சந்தைகளுக்கிடையே ஒரு புதிய காணித் தரகர்

யாழ்ப்பாணத்தின் எந்த ஒழுங்கையால் போனாலும் மின்கம்பத்திலோ மதிலிலோ “காணி விற்பனைக்கு” என்ற மட்டையும் அதன்கீழ் ஒரு தொலைபேசி இலக்கமும் கண்ணில் படும். கடந்த ஒன்றரை வருடமாக அப்படியான இலக்கங்களில் ஒன்று என்னுடையது. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகளைப் படித்துவிட்டுச் சுதந்திர ஊடகவியலாளராக வேலை செய்யும் ஒருத்திக்கு, கட்டுரைகளுக்குக் கிடைக்கும் பணத்தில் மாதம் ஓடாது. உறவுக்காரர் ஒருவரின் காணியை விற்றுக் கொடுத்ததில் தொடங்கிய பக்கத்தொழில், இன்று யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வெள்ளவத்தை என்று மூன்று இடங்களுக்கு விரிந்திருக்கிறது. ஆகவே இங்கே எழுதப்போகும் விடயத்தில் எனக்குப் பண நலனும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வடக்கின் காணிப் பிரச்சினை என்றால் இராணுவம், வனவளத் திணைக்களம், தொல்லியல் திணைக்களம், வர்த்தமானி ஆகியவற்றைப் பற்றியே நாம் பேசுகிறோம். அவை அனைத்தும் உண்மை. ஆனால், ஒரு தரகராக வீடு வீடாகப் போய் உறுதிகளை வாங்கிப் பார்க்கும்போது வேறொரு காணிப் பிரச்சினை தெரிகிறது. அது எங்கள் வீட்டு அலுமாரிகளுக்குள் இருக்கிறது. இந்த இரண்டும் வேறுவேறு பிரச்சினைகள் அல்ல என்பதே நான் இங்கு சொல்ல விரும்புவது.

ஒரு தொழில், மூன்று மொழிகள்

புதிய தரகர் ஒருவர் முதலில் படிக்க வேண்டியது அளவுக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் காணி பரப்பில் பேசப்படுகிறது. பழைய உறுதிகளில் அது பரப்பும் குழியுமாக எழுதப்பட்டிருக்கும். 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஒரு ஏக்கர். கொழும்பில் அதே காணி பேர்ச்சில் பேசப்படும். ஒரு பரப்பு 10 பேர்ச். வன்னியில் ஏக்கருக்குக் குறைவாகப் பேசினால் வீட்டுத்திட்டக் காணியா என்று கேட்பார்கள். ரொறன்ரோவில் இருந்து அழைப்பவர் சதுர அடி கேட்பார். ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி என்று கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் நான்கு அளவுகளில் பேசுகின்ற வேலை இது.

அளவைவிடப் பெரிய வித்தியாசம் பத்திரத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரும்பாலானவை தனியார் உறுதிக் காணிகள். அவற்றை விற்கலாம், ஈடு வைக்கலாம், நன்கொடையாகக் கொடுக்கலாம். ஆனால், அந்த உறுதிக்குப் பின்னால் தேசவழமை நிற்கிறது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட அந்த வழமையின் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற பிரிப்புகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பிரிபடாத காணியில் ஒரு பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால், 1947ஆம் ஆண்டின் முன்விற்பனை உரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மற்றப் பங்குதாரர்களுக்கும் வாரிசாகக்கூடியவர்களுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். கொழும்பில் இருந்து வாங்க வருபவருக்கு இதைச் சொன்னால், “விலை பேசி முடித்த பிறகு எதற்கு மச்சானிடம் கேட்க வேண்டும்?” என்பார். கேட்காமல் வாங்கினால் மச்சான் வழக்குப் போடலாம் என்பதுதான் பதில்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிலைமை வேறு. அங்கே குடியேற்றத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட காணிகள் அதிகம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம், அதாவது சனங்களின் பேச்சில் ‘பெர்மிட்’, உரிமைப் பத்திரம் அல்ல. பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. ஆனாலும் சந்தை நடக்கிறது. ஒரு சத்தியக்கடதாசி, இரண்டு சாட்சிகள், கையில் காசு. வாங்கியவர் வீடும் கட்டிவிடுகிறார். சட்டத்தின் பார்வையில் அந்தக் காணி இன்னும் விற்றவரின் பெயரில்தான் கிடக்கிறது. விற்றவர் இறந்தால் அவருடைய பின்னுரித்தாளர் வந்து உரிமை கேட்கலாம். 2022இல் திருத்தப்படும் வரை அந்தப் பின்னுரிமை வரிசை ஆண் வாரிசுக்கே முன்னிடம் கொடுத்தது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். தந்தையோடு சேர்ந்து காடு வெட்டிய மூத்த மகள், பத்திரத்தில் இல்லாமல் போன குடும்பங்கள் வன்னியில் ஏராளம்.

மூன்றாவது சந்தை வெள்ளவத்தை. போர்க்காலத்தில் ஊரைவிட்டு வந்தவர்களும், வெளிநாட்டுக் காசும் சேர்ந்து வளர்த்த தொடர்மாடிச் சந்தை அது. இங்கே எல்லைக்கல்லும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனால், கட்டடத்துக்குரிய தொடர்மாடி வரைபடம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா, பராமரிப்புப் பணத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகள் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் உறுதியைப் படிக்கப் பழகியவருக்கு இவை புதியவை.

ஒரு சந்தையில் தெரிந்ததை அடுத்த சந்தைக்குக் கொண்டு போக முடியாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதலாவது பாடம். “உறுதி இருக்கு” என்ற சொல் யாழ்ப்பாணத்தில் ஒன்றைக் குறிக்கிறது. கிளிநொச்சியில் பெர்மிட்டையும் பலர் உறுதி என்றே சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து தொலைபேசியில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் கேட்காது. பணம் அனுப்பிய பிறகுதான் கேட்கும்.

விலையை யார் வைக்கிறார்கள்?

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அதே வருடம் மே மாதத்தில் அது 360 ரூபாயை எட்டியது. ஒரு கோடி ரூபாய் பெறுமதியான காணியை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் அதை வாங்க 50,000 டொலர் வேண்டும். மே மாதத்தில் 28,000 டொலருக்கும் குறைவாகவே போதும். யாழ்ப்பாணத்தில் சம்பளம் எடுக்கும் ஒரு ஆசிரியருக்கு அது இரண்டு மாதத்திலும் ஒரு கோடிதான். அந்தக் காலத்தில் அவருடைய சம்பளத்தின் வாங்கும் சக்தி சரிந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்குப் பாதி விலையில் கிடைத்த அதே காணி, உள்ளூர் ஆசிரியருக்கு இன்னும் தூரமாகப் போனது.

பிறகு ரூபாய் ஓரளவு நிமிர்ந்து 300ஐ அண்மித்து நின்றது. காணி உரிமையாளர்கள் விலையை இறக்கவில்லை. “கனடாவில இருந்து கேட்டவை தம்பியாக்கள், நீங்கள் குறைச்சுக் கேக்கிறியள் பிள்ளை” என்று உள்ளூர் ஆள் ஒருவருக்காகப் பேசப் போகும்போது எனக்குப் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. கனடாவில் இருந்து கேட்டவர் வாங்கவில்லை, கேட்டது மட்டுந்தான். ஆனாலும் கேட்ட விலை ஊரின் விலையாகிவிடுகிறது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இது உச்சத்தைத் தொடும். வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் இரண்டு மூன்று கிழமைக்குள் காணி பார்த்து, விலை பேசி, முற்பணம் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறார்கள். அந்த அவசரத்துக்குள் உறுதியை ஒழுங்காகத் தேடிப் பார்க்க நேரம் இல்லை. அந்த அவசரமே தரகருக்கு வருமானம் என்பதையும் மறைக்க முடியாது. வழமையாக விற்பனை விலையில் இரண்டு அல்லது மூன்று வீதம் தரகுக் கூலி. ஒரு கோடிக்கு மூன்று வீதம் என்றால் மூன்று இலட்சம். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமுமாக 399,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம், நில அளவையாளர் கட்டணம் தனி. விலை ஏற ஏற இவை அனைத்தும் ஏறும். ஆகவே விலையைக் குறைத்துப் பேசுவதில் இந்தச் சங்கிலியில் எவருக்கும் நன்மை இல்லை.

புலம்பெயர்ந்தவர்களைக் குற்றவாளியாக்க நான் இதை எழுதவில்லை. ஊரில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற அவர்களின் ஆசைக்குப் பின்னால் 1983உம் 1990உம் 1995உம் இருக்கின்றன. ஆனால், அந்த ஆசை சந்தைக்குள் வரும்போது, போருக்குப் பிறகு இங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள் சொந்த ஊரில் காணி வாங்க முடியாமல் போகிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பேச நாம் பழக வேண்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் மச்சானின் பெயரும்

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி உரிமைமாற்ற மட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடை செய்கிறது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்கள் அந்தத் தடைக்குள் வரமாட்டார்கள். தொடர்மாடியில் உள்ள மனைகளை, முழுப் பணத்தையும் வெளிநாட்டில் இருந்து வங்கி மூலம் அனுப்பினால், வெளிநாட்டவரும் வாங்கலாம். குத்தகை 99 வருடம் வரை எடுக்கலாம்.

கனேடியக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர் ஒருவர், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். தகப்பனின் காணி அவருக்கு வாரிசு வழியாக வரலாம். பக்கத்துக் காணியை விலைக்கு வாங்க முடியாது. இதை விளங்கப்படுத்தும்போது பலர் கோபப்படுகிறார்கள். “என்ர ஊரில நான் வெளிநாட்டுக்காரனா?” என்ற கேள்விக்கு ஒரு தரகரிடம் பதில் இல்லை. (கனடாவும் 2023 ஜனவரி முதல் வெளிநாட்டவர் வீடு வாங்குவதைத் தடுத்து, அத்தடையை 2027 வரை நீடித்திருக்கிறது என்பதை அங்கிருப்பவர்களே அறிவார்கள்.)

நடைமுறையில் என்ன நடக்கிறது? காணி இங்கிருக்கும் தம்பியின் பெயரில், மச்சானின் பெயரில், சிலவேளை அம்மாவின் பெயரில் வாங்கப்படுகிறது. காசு ஒருவருடையது, உறுதி இன்னொருவருடையது. உறவு நன்றாக இருக்கும் வரை இதில் சிக்கல் இல்லை. மச்சான் இறந்தால் காணி அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அந்தக் காசின் கதையே தெரியாமல் இருக்கலாம். இப்படி வாங்கிய காணியை இப்போது விற்றுத் தரும்படி கேட்டு வருபவர்கள் எனக்கு அதிகம். அவர்களில் பாதிப் பேரை நான் சட்டத்தரணியிடம் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன். விற்கும் உரிமை அவர்களிடம் இல்லை.

அலுமாரிக்குள் இருக்கும் பிரச்சினை

ஒரு காணியை விற்பனைக்கு எடுத்தால் நான் முதலில் கேட்பது ஆறு விடயங்கள்: மூல உறுதி, அதற்கு முந்திய உறுதிகளின் தொடர்ச்சி, காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதி, நில அளவை வரைபடம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, உறுதியில் பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்பது. ஆறும் ஒழுங்காக உள்ள காணியைக் காண்பது அரிது.

இடப்பெயர்வில் உறுதி தொலைந்த குடும்பங்கள், வன்னியில் கடைசி மாதங்களில் பதுங்குகுழிக்குள் சூட்கேசோடு விட்டுவிட்டு ஓடியவர்கள், பேரனின் பெயரில் உறுதி எழுதாமலே இறந்த பேரன்மார், ஐந்து நாடுகளில் சிதறிய எட்டுப் பங்குதாரர்கள். உறுதி தொலைந்திருந்தாலும் காணிப் பதிவகத்தில் தேடி, பதிவு இருந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால், இறந்தவரின் பெயரிலேயே இரண்டு தலைமுறையாக நிற்கும் காணிக்கு மரணச் சொத்து வழக்கோ பங்கு பிரிப்பு வழக்கோ தேவைப்படலாம். பங்கு பிரிப்பு வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும். அதனால் எவரும் தொடங்குவதில்லை. காணி பற்றையாகிறது.

பலர் இதற்குத் தீர்வாக நினைப்பது அற்றோர்ணித் தத்துவம். வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்தில் கையெழுத்து வைத்து, இங்குள்ள ஒருவருக்கு விற்கும் அதிகாரம் கொடுக்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அதிகாரம் கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் அந்தத் தத்துவம் செத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. இலண்டனில் இறந்த ஒருவரின் தத்துவத்தை வைத்துக்கொண்டு இங்கே விலை பேசுபவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலருக்கு அது தெரியாது. சிலருக்குத் தெரியும். வெளிநாட்டில் உள்ளவர்களின் காணிகளுக்குப் போலி உறுதி முடித்த வழக்குகள் யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்பச் செய்தியாவதற்கு இந்த இடைவெளியே வழி விடுகிறது: உரிமையாளர் தூரத்தில், காணி வெறுமையாக, பத்திரங்களைச் சரிபார்க்க ஆள் இல்லை.

இன்னொரு ஆபத்து காலம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் இன்னொருவரின் காணியை எவருடைய உரிமையையும் ஏற்காமல் 10 வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை கோரலாம். போரினால் நீதிமன்றத்துக்குப் போக முடியாதவர்களைக் காப்பாற்ற 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்த 10 வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது இடம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவதற்குக் கொடுக்கப்பட்ட கால எல்லை குறுகியது. அது வந்ததையே அறியாதவர்கள் வன்னியில் நிறையப் பேர். 2009 மேயில் இருந்து எண்ணினாலும் 10 வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. தன் காணியில் வேறொருவர் குடியிருக்கிறார் என்று 2009இற்குப் பிறகு தெரிந்தும் “பிறகு பார்ப்பம்” என்று விட்டவர்கள், இன்று கடினமான இடத்தில் நிற்கிறார்கள்.

கணவன் எங்கே என்று கேட்கும் உறுதி

இந்தத் தொழிலில் பெண்கள் மிகக் குறைவு. முதல் மாதங்களில், “கூட வந்த ஆம்பிளை எங்க?” என்று காணி பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். ஆனால், அதே காரணத்தால் மற்றத் தரகர்களிடம் போகாத பெண்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரின் விடயம் இப்படி. காணி அவருக்குச் சீதனமாக வந்தது. உறுதி அவருடைய பெயரில் சுத்தமாக இருக்கிறது. மகளின் படிப்புக்காக அதில் பாதியை விற்க வேண்டும். ஆனால், தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்கு, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்தவர். நொத்தாரிசு சொன்னது: “கணவரின்ர மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ அம்மா.”

அவர் பதினைந்து வருடமாக எடுக்க மறுத்த பத்திரம் அது. 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் போரில் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. அரசு அதை எடுக்கும்படி சொன்னது. மனைவியரும் தாய்மாரும் மறுத்தார்கள். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ என்ற இன்னொரு வழியைத் திறந்தது. அது ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாது. அதனாலேயே கணவனின் பெயரில் உள்ள சொத்து அதன்மூலம் மனைவிக்கு வாரிசாக இறங்காது.

ஆனால், இந்தப் பெண்ணின் காணி கணவனுடையது அல்ல, அவருடையது. இதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, கணவனின் இருப்பிடம் தெரியாத நிலையில் அவருடைய சம்மதம் இல்லாமல் விற்பதற்கு மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும் வழி இருக்கிறது. மரணச் சான்றிதழ் தேவையில்லை. அவர் இப்போது அந்த வழியில் மனுச் செய்திருக்கிறார். விற்பனை நடக்குமா என்று தெரியாது. வாங்க இருந்தவர் காத்திருக்காமல் வேறு காணி பார்த்துவிட்டார்.

ஒரு சிறிய காணி விற்பனை, ஒரு பெண்ணைத் தன் கணவன் இறந்துவிட்டான் என்று கையெழுத்து வைக்கச் சொல்கிறது. வழி வேறு இருந்தும் அதை அவருக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை. திருமணமான பெண்ணின் சொந்தச் சொத்துக்குக் கணவனின் அனுமதி தேவை என்ற ஏற்பாடு 2026இலும் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வி தனியாக விவாதிக்கப்பட வேண்டியது. தேசவழமையை எங்கள் அடையாளம் என்று பாதுகாக்க விரும்புபவர்கள்தான் அந்த விவாதத்தைத் தொடக்க வேண்டும்.

மூன்று மாத வர்த்தமானி சொன்னது

2025 மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வெளியானது. யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 என்று மொத்தம் 5,941 ஏக்கர் காணிகளுக்கு, மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமையை நிரூபிக்காவிட்டால் அவை அரச காணிகளாகும் என்று அது சொன்னது. கடும் எதிர்ப்பு எழுந்தது. எம்.ஏ. சுமந்திரன் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் ஜூன் 27ஆம் திகதி இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கம் பின்வாங்கியது.

அந்த மூன்று மாதங்களில் என் தொலைபேசிக்கு வந்த அழைப்புகள் விற்பதற்காக வந்தவை அல்ல. “எங்கட காணி அதுக்குள்ள வருதோ?”, “உறுதி இல்லாட்டி என்ன காட்டுறது?”, “அண்ணை ஒஸ்ரேலியாவில, அவற்ற கையெழுத்தில்லாமல் நான் மனுக் குடுக்கலாமோ?” என்ற கேள்விகள். ஒரு காணியை விற்க முடியாமல் செய்யும் அதே குறைபாடுகள்தான், அரசு உரிமையைக் கேட்கும்போது அதைப் பாதுகாக்க முடியாமலும் செய்கின்றன. தொலைந்த உறுதி, எழுதப்படாத வாரிசு, செத்துப்போன தத்துவம், சத்தியக்கடதாசியில் வாங்கிய பெர்மிட்.

மக்களைப் போரால் துரத்திவிட்டு, பத்திரம் கொண்டுவா என்று மூன்று மாதம் தவணை கொடுப்பது அநியாயம். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டபோதும் இதேபோல உரிமையாளர்கள் “காணப்படவில்லை” என்று சொல்லப்பட்டது. அவர்கள் சில மைல் தூரத்தில் முகாம்களில் இருந்தார்கள். அன்று நீதிமன்றத்துக்குப் போக முடிந்தவர்கள் தங்கள் உரிமையைக் காட்டக்கூடியவர்கள். அடுத்த வர்த்தமானி வராது என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. அது வரும்போது பத்திரம் சரியாக உள்ள குடும்பமே நின்று வாதாட முடியும்.

தரகரை யார் பார்க்கிறார்கள்?

இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்னைப் போன்றவர்களின் தகுதி என்ன? ஒன்ராறியோவில் ஒருவர் வீடு விற்கும் முகவராக வேண்டுமென்றால் பாடநெறி படித்து, பரீட்சை எழுதி, ரியல் எஸ்டேட் கவுன்சிலில் பதிய வேண்டும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இந்தத் தொழிலில் உள்ள தமிழர்கள் அனைவரும் அந்தப் படிகளால் ஏறியவர்களே. இங்கிலாந்தில் பரீட்சை இல்லை. ஆனால், முறைப்பாட்டைத் தீர்க்கும் அமைப்பொன்றில் முகவர் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். இங்கே நான் ஒரு சிம் அட்டையும் ஒரு வட்ஸ்அப் குழுவும் வைத்துத் தொழிலைத் தொடங்கினேன். என்னிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

சட்டமே இல்லை என்றில்லை. 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், காணி முகவர்கள் வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியவர்கள். மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவு அதற்குப் பொறுப்பு. எங்கள் ஊர்த் தரகர்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? அந்தச் சட்டம் பணச் சலவையைத் தடுக்க வந்தது. வாங்குபவரையும் விற்பவரையும் தரகரிடம் இருந்து காப்பது அதன் நோக்கம் அல்ல.

இங்குள்ள மூத்த தரகர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு ஊரின் ஒவ்வொரு வேலியின் கதையும் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவு ஒரு ஊருக்குள் நம்பகமானது, ஏனென்றால் பொய் சொன்னால் மறுநாள் கோயிலில் முகம் பார்க்க வேண்டும். சந்தை மூன்று மாவட்டத்துக்கும் மூன்று கண்டத்துக்கும் விரிந்தபோது அந்தக் கட்டுப்பாடு அறுந்துவிட்டது. அதன் இடத்துக்கு வேறு எதுவும் வரவில்லை.

செய்யக்கூடியவை

பெரிய சீர்திருத்தம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகள் உண்டு.

ஒன்று, பிரதேச செயலகங்களிலும் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகளிலும் காணிப் பத்திரங்களுக்கென்று நடமாடும் சேவைகள் தொடர்ச்சியாக நடக்க வேண்டும். வர்த்தமானி வந்த அவசரத்தில் சட்டத்தரணிகள் ஊர் ஊராகப் போய் உதவினார்கள். அது அமைதியான நாட்களிலும் தேவை. காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியருக்கு மாவட்ட நீதிமன்ற வழியை விளக்கும் ஒரு துண்டுப்பிரசுரமாவது அங்கே இருக்க வேண்டும்.

இரண்டு, வன்னியில் சத்தியக்கடதாசியில் கைமாறிய பெர்மிட் காணிகளை மறைத்து வைப்பதால் எவருக்கும் நன்மை இல்லை. இப்போது அவற்றில் உண்மையில் வசிப்பவர்களின் பெயருக்கு அவற்றை ஒழுங்குபடுத்தும் ஒரு நடைமுறையை மாகாணக் காணித் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

மூன்று, தரகர்களைப் பதிவு செய்ய வேண்டும். உரிமம் என்ற பெயரில் இன்னொரு இலஞ்ச வாசல் திறக்காமல், பெயர், முகவரி, முறைப்பாடு செய்யும் இடம் என்ற அளவிலாவது உள்ளூராட்சி மன்றங்கள் இதைத் தொடங்கலாம்.

நான்கு, குடும்பங்கள் செய்ய வேண்டியது. நல்லூர்க் காலத்தில் சகோதரர்கள் ஒன்றாக ஊருக்கு வரும்போது, காணி பார்க்கப் போவதற்கு முன் இருக்கும் காணியின் பத்திரங்களை மேசையில் பரப்புங்கள். யாருடைய பெயரில் நிற்கிறது, அவர் இருக்கிறாரா, வரைபடம் உண்டா, தத்துவம் கொடுத்தவர் உயிரோடு உள்ளாரா என்று எழுதி வையுங்கள். காணிப் பதிவகத்தில் ஒரு தேடுதல் செய்யுங்கள். பக்கத்து வீட்டாரிடம் பராமரிக்கக் கொடுத்திருந்தால் அதை எழுத்தில் வையுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு. உங்கள் காசில் இன்னொருவரின் பெயரில் வாங்கியிருந்தால், இருவரும் உயிரோடு இருக்கும்போதே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

இதில் எதற்கும் தரகர் தேவையில்லை. விற்க நினைக்காத குடும்பங்களுக்குத்தான் இவை அதிகம் தேவை.